பிஎல்டி-யில் (லேசர் துடிப்பால் பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை) ஜிங்க் ஆக்சைடு நானோ ராடு (நுண்கம்பி) வளரவில்லை, வழவழப்பான படலம்தான் வருகிறது

இமைப்பொழுது:
கேஸ் சென்சருக்காக சி-பிளேன் சஃபையர் (குறிப்பிட்ட திசையில வெட்டின நீலக்கல் படிகம்) மேல ஜிங்க் ஆக்சைடு ராடு வளர்க்கணும், தங்கக் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) இல்லாம. என்டி-யாக் லேசர், 266 நா.மீ., 10 ஹெர்ட்ஸ். லேசர் வெற்றிட சாம்பருக்குள்ள நுழையுற ஜன்னலுக்கு முன்னாடி 40 மில்லிஜூல், ஸ்பாட் 1×2 மி.மீ. டார்கெட்டுக்கும் (லேசர் அடிக்கிற ஜிங்க் ஆக்சைடு பெல்லட்) சப்ஸ்ட்ரேட்டுக்கும் (படலம் படியுற சஃபையர்) நடுவுல 4 செ.மீ. ஹீட்டர் 650 டிகிரி, ஆக்சிஜன் 0.05 மில்லிபார், 18,000 ஷாட் (லேசர் துடிப்பு).

எஸ்இஎம்-ல (எலக்ட்ரான் நுண்ணோக்கி) ராடே இல்லை. அடர்த்தியான படலம், அதுமேல மைக்ரான் அளவு உருண்டைகள் சிதறிக் கிடக்கு. ரன்னுக்கு ரன் தடிமனும் குறையுது. வெப்பநிலையை ஏத்தலாமா?

வெண்தழல்:
வெப்பநிலையை விடுங்க, அழுத்தத்தை மாத்துங்க. அறை வெப்பநிலைக் கணக்குப்படி 0.05 மில்லிபார்ல வாயு மூலக்கூறு மோதாம 1.3 மி.மீ. வரைக்கும் போகும். அதனால ப்ளூம் (டார்கெட்டுலேர்ந்து கிளம்புற ஆவிப் பிழம்பு) பெரிசா வேகம் இழக்காம சப்ஸ்ட்ரேட்டுல வந்து அடிக்குது. அந்த ஆற்றல்ல அணுக்கள் பரப்புல நகர்ந்து இடைவெளியெல்லாம் அடைச்சிடும். 5 மில்லிபார்ல அதே தூரம் 13 மைக்ரான்தான். ஆவி வழியிலேயே குளிர்ந்து நானோ துகளாத் திரண்டு, மெதுவா வந்து இறங்கும். ராடுக்குத் தீனி அந்தத் துகள்தான்.

ரெண்டு கட்டமா செய்யுங்க. முதல்ல இப்போ இருக்கிற 0.05 மில்லிபார்லயே 3,000 ஷாட். இது விதைப்படலம், ராடு நேரா நிக்கிறதுக்கு. அப்புறம் சாம்பரைத் திறக்காம 3, 5, 7 மில்லிபார்னு தனித்தனி சாம்பிள், 650லேர்ந்து 700 டிகிரிக்குள்ள. அழுத்தம் ஏறினதும் ப்ளூம் சுருங்கி டார்கெட் பக்கமா ஒட்டிக்கிறது கண்ணுக்கே தெரியும் (266 நா.மீ. லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் பாருங்க). விரலால தேய்ச்சா பொடியா வந்துட்டா அழுத்தம் அதிகம்னு அர்த்தம்.

ஒண்ணு ரொம்ப முக்கியம்: இந்த அழுத்தத்துல டர்போ பம்ப் (உயர் வெற்றிடத்துக்கானது) ஓடக் கூடாது. கேட் வால்வை மூடிட்டு, பைபாஸ் வழியா ரோட்டரி பம்ப்ல (ஆயில் போட்ட முதல்கட்ட பம்ப்) இழுங்க. சுத்த ஆக்சிஜன் போகிற ரோட்டரியில சாதாரண மினரல் ஆயில் இருந்தா வெடிக்கிற ஆபத்து உண்டு, ஃப்ளூரின் வகை ஆயில்தான் இருக்கணும். பம்ப்ல எது ஊத்தியிருக்குன்னு பார்க்காம வால்வைத் திறக்காதீங்க.

கல்லும்_உளியும்:
உருண்டைகள் வேற பிரச்சினை, அழுத்தத்தை மாத்தினாலும் அது போகாது. உங்க கணக்குப்படி சுத்தமான ஜன்னல்ல 8 சதவீதம் போனாலும் 1.8 ஜூல்/செ.மீ² கிடைக்குது, அது அதிகம் இல்லை. டார்கெட்டைத்தான் சந்தேகப்படணும். துளைகள் இருந்தா உருகின பகுதி தெறிக்கும், ஒட்டாத துணுக்குகளும் பெயர்ந்து வரும். பெல்லட் அளவும் எடையும் சொல்லுங்க. டார்கெட் சுத்துதா, ஸ்பாட் ஒரே வட்டத்துல பள்ளம் தோண்டுதா?

இமைப்பொழுது:
விட்டம் 25 மி.மீ., தடிமன் 5 மி.மீ., எடை 11 கிராம். 900 டிகிரியில சின்டர் பண்ணினது (பொடியைச் சுட்டு இறுக்கினது). சுத்துது, ஆனா ஸ்பாட் நகராது. ஆழமா ஒரு வளையம் விழுந்திருக்கு.

கல்லும்_உளியும்:
முழு அடர்த்தி 5.61 கி/செ.மீ³. உங்க பெல்லட் கன அளவுக்கு 13.8 கிராம் வரணும். 11 கிராம்னா 80 சதவீதம், அஞ்சுல ஒரு பங்கு காத்து. பிவிஏ (பொடியை ஒட்டவைக்கிற பசை) கலந்திருந்தா 500 டிகிரியில ரெண்டு மணி நேரம் அதை எரிச்சு விட்டுட்டு, நிமிஷத்துக்கு 3 டிகிரி வேகத்துல 1150 வரைக்கும் ஏத்தி, 6 மணி நேரம் வையுங்க. பெல்லட் சுருங்கும், அதனால அளவை மறுபடி எடுத்துக் கணக்குப் போடுங்க. 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தா உபயோகிக்காதீங்க. ஒவ்வொரு ரன்னுக்கு முன்னாடியும் 600 நம்பர் உப்புத்தாள்ல வளையம் மறையுற வரைக்கும் தேய்ச்சு, ஐபிஏ-ல (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) துடைச்சு, ஷட்டரை மூடி 2,000 ஷாட் விடுங்க. பள்ளம் விழுந்த டார்கெட்டுல ப்ளூமும் சாஞ்சுதான் கிளம்பும்.

வெண்தழல்:
தடிமன் குறையுறதுக்கு முதல்ல ஜன்னலைப் பாருங்க. உள்பக்கம் படியுற ஜிங்க் ஆக்சைடு 266-ஐ நல்லா உறிஞ்சும். கண்ணுக்குத் தெளிவாத் தெரிஞ்சாலும் நம்பாதீங்க. கழட்டி, பவர் மீட்டருக்கு முன்னாடி வெச்சு அளந்தாத்தான் தெரியும். 70 சதவீதம்தான் கடக்குதுன்னா டார்கெட்டுக்கு 1.4 ஜூல்/செ.மீ²தான் போகுது. அதை ஈடுகட்ட லேசர் ஆற்றலை ஏத்தினா படிவம் சூடாகி ஜன்னலே பழுதாகும். கோட்டிங் இல்லாத ஃப்யூஸ்டு சிலிக்கான்னா நீர்த்த அசிட்டிக் அமிலத்துல கரைஞ்சு போயிடும், அப்புறம் டிஐ தண்ணியில (அயனி நீக்கின தண்ணி) அலசுங்க. ஆக்சிஜன் இன்லெட்டை ஜன்னல் பக்கமே மாத்திட்டா படியுறது நல்லாவே குறையும்.