லாப நோக்கமில்லாத பத்திரிகையாம்! அந்த 11 பேருக்குப் பதில் சொல்லிட்டு மேக்கொண்டு பேசுங்க

வேணாட்டான்:
நேத்து தோவாளைக்காரி இங்க ஒரு பதிவு போட்டிருந்தாவ. அமெரிக்காவுல 2009-ல தொடங்குன டெக்சாஸ் ட்ரிப்யூன் மாதிரி, நன்கொடையில ஓடுற ஒரு செய்தித்தளம் நம்ம குமரி மாவட்டத்துக்கும் வேணுமாம். கோட்டையில போடுற ஒவ்வொரு ஆணையும் நம்ம ஊர்ல என்ன பண்ணுதுன்னு அது எழுதுமாம். சந்தோஷம். ஆனா கடைசியில ஒரு வரி: விளம்பரம் வாங்குற பத்திரிகைக்கு எழுதுனவன் நிருபரே இல்லையாம். நானும் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபரா அலைஞ்சவன்தான். ஒரே ஒரு கேள்வி கேக்கேன். 2023 ஆகஸ்ட்ல அதே டெக்சாஸ் ட்ரிப்யூன் 11 பேர வீட்டுக்கு அனுப்பிச்சே, அது ஏன்? லாபமே வேண்டாம்னவனுக்கு ஆளக் குறைக்க என்ன அவசியம்?

தோவாளைக்காரி:
அண்ணாச்சி, தொடங்கி 14 வருஷத்துல அதுதான் முதல் ஆள்குறைப்பு. உங்க நாளிதழ்ல மாசச் சம்பளமா தந்தாவ? வந்த செய்திக்கு ஏதோ சில்லறை, தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிச்சுத் தந்தா கமிஷன். காலையில கடைக்காரர்கிட்ட விளம்பரம் கேட்டுட்டு, சாயங்காலம் அவர் ஓடைய ஆக்கிரமிச்சத எழுத முடியுமா? டெக்சாஸ்காரங்க மாநில அரசு ஊழியர் சம்பளத்த யாரு வேணும்னாலும் தேடிப் பாக்குற மாதிரி தளத்துலயே வச்சிருக்காவ. 2022-ல அதே டெக்சாஸ்ல யுவால்டிங்குற ஊர்ப் பள்ளிக்கூடத்துல நடந்த துப்பாக்கிச்சூட்டுல 19 குழந்தைகளும் 2 டீச்சர்மாரும் செத்தாவளே, போலீஸ் 77 நிமிஷம் வகுப்பறைக்கு வெளியவே நின்ன விவகாரத்த ப்ரோபப்ளிக்காங்குற இன்னொரு லாப நோக்கமில்லாத செய்தி நிறுவனத்தோட சேந்து தோண்டுனவங்க அவங்கதான். எழுதுனத மத்த பத்திரிகையும் காசில்லாம எடுத்துப் போடலாம்.

வேணாட்டான்:
எல்லாம் வாசிச்சேன். 11 பேருக்குப் பதில் இல்ல. அப்புறம் பெரிய கம்பெனிங்க ஆதரவுத்தொகை அங்கயும் வருது, பேரும் தளத்துல நிக்கி. நம்ம ஊர்ல வாங்குனா விளம்பரம், அங்க வாங்குனா ஆதரவாக்கும்!

ஆடிட்டர் தம்பி:
ஒரு சின்ன விளக்கம். லாப நோக்கமில்லன்னா வரவு செலவு பாக்கமாட்டாங்கன்னு அர்த்தமில்ல. நம்ம நாட்டுல கம்பெனிச் சட்டம் 2013, 8-ஆம் பிரிவுல பதிஞ்ச கம்பெனிக்கும் மிச்சம் வரலாம். அத உரிமையாளர் பங்கு போட்டுக்கக் கூடாது, நோக்கத்துக்கே திருப்பிப் போடணும். வரவு குறைஞ்சா அவங்களும் ஆளக் குறைக்கத்தான் செய்வாங்க. இதத் தெரிஞ்சுக்கிட்டா பாதிச் சண்டை தீரும்.

வேணாட்டான்:
தம்பி, பிரிவு நம்பர் யாரு கேட்டா? நான் கேட்டது 11.

கொல்லங்கோடு கடலோரம்:
சாரே, எங்க பாட்டக் கேளுங்க. கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேர்ல அணுசக்திக்கு வேண்டிய கனிமம் கலந்த மணல் எடுக்கப் போறதா சொன்னாவ. 2024-ல கருத்துக்கேட்பு கூட்டம் அறிவிச்சு, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வச்சாவ. நாளிதழ்ல ‘பொதுமக்கள் எதிர்ப்பு’ன்னு நாலு வரி, ஒரு கூட்டப் படம். எந்த சர்வே நம்பர், எந்த ஊரு போகும், பள்ளிவாசலும் கோயிலும் குருசடியும் உள்ள வருமா, ஒருத்தரும் அறிக்கைய விரிச்சு வச்சு எழுதல. அத எழுத ஒரு ஆளு இருந்தா நான் மீன் வித்த காசுல மாசம் நூறு ரூவா தருவேன்.

நாரோல் மாப்ள:
அந்த மணல எடுக்கப் போறது மத்திய அரசு கம்பெனி ஓய். மாநில அரசு செய்தியே இல்ல. திரி எதப் பத்தினதுன்னு வாசிச்சிட்டு வாரும்.

கொல்லங்கோடு கடலோரம்:
குத்தகைய தருறது யாரு? மாநில அரசுதான. உங்களுக்கு வடசேரிக்கு மேக்க ஊரே கெடயாது, அங்க உள்ள மணலு மட்டும் கண்ணுல படுமோ?

நாரோல் மாப்ள:
வந்துட்டாரு விளவங்கோட்டு வீரரு. களியக்காவிளை வழியா கல்லு லாரி கேரளாவுக்குப் போறப்போ உங்க ஆளுங்க எங்க போனாவ? லாரி யாருக்குச் சொந்தம்னு சொல்லட்டா?

தோவாளைக்காரி:
பாத்தீங்களா, இந்த லாரிக் கணக்கத்தான் யாரும் எழுதல. சட்டசபையில மானியக் கோரிக்கை, அதாவது துறைக்குப் பணம் ஒதுக்கக் கேக்குறது, வரும்போது ஒவ்வொரு துறையும் தன் வேலையச் சொல்லி கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். கனிமம், மீன்வளம், நீர்வளம் எல்லாம் அதுல கிடக்கு. நம்ம 6 தொகுதியிலயும் அத முழுசா வாசிச்ச நிருபர் ஒருத்தர காட்டுங்க பாப்போம்.

வேணாட்டான்:
நான் வாசிச்சிருக்கேன். எழுதியும் அனுப்பினேன். ‘இடமில்ல’ன்னு டெஸ்க்ல சொன்னாவ. அதுக்கு நான் நிருபரே இல்லன்னு ஆயிருமா? உங்க நன்கொடை பெரியவருக்கு ஒரு குவாரி இருந்தா, உங்க எடிட்டரும் இடமில்லன்னுதான் சொல்லுவாரு. காசு நின்னா என்ன நடக்கும்னு 11 பேரக் கேளுங்க.

துபாய் குமரிக்காரன்:
நான் மாசம் 100 திர்ஹாம் தாறேன். ஆனா வெளிநாட்டுக் காசு செய்தி நிறுவனத்துக்கு ஆகாதுன்னு 2010-ல வந்த வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் சொல்லுதாமே?

ஆடிட்டர் தம்பி:
நீங்க இந்தியக் குடிமகனா இருந்து, சொந்தச் சம்பாத்தியத்த வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. தலைவலி வேற இடத்துல. 2025 ஜனவரியில ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்ங்குற நம்ம நாட்டுப் புலனாய்வுச் செய்தி அமைப்போட லாப நோக்கமற்ற தகுதிய வருமான வரித்துறை ரத்து பண்ணிச்சு. எங்க இதழியல் பொதுநோக்கத்துல வராதுன்னு ஆணை சொல்லுதுன்னு அவங்களே அறிவிச்சாங்க.

வேணாட்டான்:
கேட்டியளா! துறையே சொல்லிட்டு.

தோவாளைக்காரி:
அரசாங்கம் சொன்னா அது சரியாக்கும்? அரசாங்கத்த எழுதுறவங்களுக்கு அரசாங்கமே மதிப்பெண் போடும், நீங்க கை தட்டுவீங்க. இதுக்குத்தான் உங்கள நிருபர் இல்லன்னேன்.

வேணாட்டான்:
மறுபடியும் அதே வார்த்த. மேம்பாலம் திரியிலயும் இப்படித்தான் பேசுனீங்க. அப்ப நான் வச்ச படத்த எடுத்து, பேரு போடாம உங்க முகநூல்ல ஓட்டுனது யாரு? அதுக்கு மட்டும் நன்கொடையாளர் பேரு போடணும்னு தோணலயோ?

தோவாளைக்காரி:
அந்தப் படம் உங்க படமே இல்ல. குழித்துறையில ஸ்டூடியோ வச்சிருக்குற பையன் எடுத்தது.

கொல்லங்கோடு கடலோரம்:
அந்தப் பையன் எங்க ஊரு. இப்ப கூப்பிட்டுக் கேக்கட்டா?

வேணாட்டான்:
கூப்பிடும். கூடவே 11 பேரையும் கூப்பிடும்.

நாரோல் மாப்ள:
லாரிப் பேச்ச மட்டும் எல்லாரும் நைசா விட்டாச்சு பாத்தீங்களா?