அப்பாவின் பைபாஸும் அந்த 180-உம்

மும்பை செம்பூரில் இருக்கிறேன். போன வருடம் அப்பாவுக்கு பைபாஸ். தேதி குறித்து, ஆபீசில் லீவு சொல்லி, திருநெல்வேலியிலிருந்து சித்தப்பாவும் ரயிலேறி வந்து இறங்கிய பிறகு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.4 சதவீதம் என்ற ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "அவசர கேஸ் இல்லை, ரெண்டு வாரம் தினசரி சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பணம் பிடுங்க இழுத்தடிக்கிறார்கள் என்று சித்தப்பா ஏற்றிவிட, நானும் கொஞ்சம் கத்திவிட்டேன்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தச் சொன்னார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை அது. வெறும் வயிற்றோடு இருக்கும்போது, சர்க்கரை சரியாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாமாம். உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஐசியுவில் பார்த்தால், ஊசி என்றாலே ஓடுகிற அப்பாவுக்கு பம்ப்பில் இன்சுலின் ஓடுகிறது, மணிக்கொரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். மலையாள சிஸ்டர்தான் பொறுமையாகச் சொன்னார்: ஆபரேஷன் அதிர்ச்சியில் கார்டிசால், அட்ரினலின் ஹார்மோன்களெல்லாம் சுரந்து சர்க்கரையைத் தூக்கிவிடும், அது ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டிய இடத்தில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் 100-க்கே இறக்கிவிடுங்களேன் என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். 2001-ல் பெல்ஜியத்தின் லூவனில் நடந்த ஆய்வுக்குப் பிறகு 80-110 என்று இறுக்கிப் பிடிப்பதுதான் வழக்கமாக இருந்ததாம். 2009-ல் 6,000-க்கும் மேற்பட்ட ஐசியு நோயாளிகளிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வில், அப்படிப் பிடித்தவர்களிடையேதான் சாவு கூடுதல். தூக்க மருந்தில் கிடப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் படபடக்குது என்று சொல்லவா முடியும்? 180-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

நெஞ்சுக் காயம் அழகாக ஆறியது. பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த காலில்தான், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தையல் ஓரம் சீழ் கசிந்தது. அன்று சர்க்கரை 260. ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல வழியில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஜூஸ் பாட்டில் கொண்டுவந்தார்கள், நாங்களும் தெம்பு வரட்டும் என்று ஊற்றிக் கொடுத்தோம்.

பதில் (மாட்டுங்காவிலிருந்து):
தம்பி, எங்கம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. வால்வு ஆபரேஷன் முடிந்த அன்று இன்சுலின் ஏற்றுவதைப் பார்த்து, வேறு யாருடைய ஃபைலையோ மாற்றிப் படித்துவிட்டார்கள் என்று டியூட்டி டாக்டரிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கும் அந்த நேரத்தில் ஏறுமாம். மூன்றாம் நாள் தானாக இறங்கியதும் நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, காய்கறிக்காரர் வரைக்கும் நிறுத்தி வைத்து, "எனக்குச் சுகரெல்லாம் இல்லை, அது சும்மா போட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.