மறு: கழுகுக் கூட்டுச் சொற்கள் – ‘ஃப்ளெட்ஜ்’ என்பதற்குக் ‘கூடுதாண்டல்’

குழுவினருக்கு வணக்கம். கழுகுக் கூட்டு நேரலைகளில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில், குஞ்சு முதன்முறை கூட்டை விட்டு வெளியேறுவதைக் குறிக்கும் ‘ஃப்ளெட்ஜ்’ (fledge) பற்றி ஒருவர் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> ஃப்ளெட்ஜ் = முதற்பறப்பு. எளிமையாக இருக்கிறது. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

எளிமைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கு மேலே ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு இணை குடியிருக்கும் கூட்டை நேரலையில் பார்க்கிறவர்களிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் முதல் நாளே சண்டை வரும். குஞ்சு கூட்டின் நடுவில் நின்று சிறகடிக்கும். காற்று வாகாக வந்தால் ஓரடி, இரண்டடி மேலே எழும்பி அதே கூட்டில் இறங்கும். பறப்பா என்றால் பறப்புதான், ஆனால் அதை யாரும் ஃப்ளெட்ஜ் என்று சொல்வதில்லை. இன்னொரு குஞ்சு கிளையில் கால் தவறியோ காற்றில் சறுக்கியோ வெளியே போய்விடும். பறக்கவேண்டும் என்று நினைத்துப் போனதில்லை. ஆனாலும் ஃப்ளெட்ஜ் கணக்கில் சேர்ந்துவிடும். அதைக் கேலியாக ‘ஃப்லட்ஜ்’ என்பார்கள் நேரலை ரசிகர்கள். ஆக, பார்க்க வேண்டிய கோடு கூட்டின் விளிம்பு. பறந்து கடந்தாலும் விழுந்து கடந்தாலும் சொல் ஒன்றுதான்.

‘சிறகு முளைத்தல்’ என்று எழுதியவரின் பக்கமும் நியாயம் உண்டு. ஃப்ளெட்ஜ் என்பதற்குப் பறக்கும் இறகு வளர்தல் என்ற பொருளை அகராதிகளே தருகின்றன. சிக்கல், கால இடைவெளியில் இருக்கிறது. சாம்பல் நிறப் பஞ்சுத்தூவியைத் தள்ளிக்கொண்டு கறுத்த இறகுகள் எட்டிப்பார்ப்பது மூன்று, நான்கு வாரத்தில். கூட்டை விட்டுக் கிளம்புவது பொதுவாகப் பத்து வாரத்துக்கு மேல். பிக் பேரில் 2025 மார்ச் தொடக்கத்தில் பொரிந்த குஞ்சுகளில் சன்னி என்று பெயர் பெற்றது கிளம்பியது ஜூன் 2 அன்று. ஏறத்தாழ மூன்று மாதம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் எந்த நாளைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

அடுத்து ‘கூடு விடல்’. பொருளளவில் மிகச் சரியான சொல், காதில் விழும்போதுதான் கெடுகிறது. “பிக் பேரில் கழுகுக்குஞ்சு கூடு விட்டது” என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள், அனுதாபச் செய்திகள் வந்து குவியும். ‘கூடுவிட்டு இங்கு ஆவிதான் போயினபின்’ என்று நல்வழி படித்து வளர்ந்த காது நம்முடையது. அதே கூட்டில் மூன்று குஞ்சுகளில் ஒன்று மார்ச் நடுவில் பனிப்புயல் இரவில் உண்மையிலேயே இறந்துபோனது. அதற்கும் சன்னி பறந்ததற்கும் ஒரே மாதிரி கேட்கும் சொல் வேண்டாம்.

இந்த இடத்தில் பரிமேலழகரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’ என்ற குறளில் குடம்பை என்பதற்குக் கூடு என்று உரைப்பாரும் உண்டு என்று சொல்லிவிட்டு, அவர் அதை ஏற்காமல் முட்டை என்கிறார். அவர் காட்டும் காரணங்களில் ஒன்று, பறவை கூட்டுக்கு மீண்டும் வந்து புகும், உயிர் உடம்புக்குத் திரும்பாது என்பது. முட்டையிலிருந்து நேரே பறந்துபோகும் புள் எது என்று அவரிடம் கேட்கத் தோன்றும், அது கிடக்கட்டும். கூட்டைப் பற்றி அவர் சொன்னது நம் கழுகுக்கு அப்படியே பொருந்துகிறது. வெளியே போன கழுகுக்குஞ்சு ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பல வாரங்களுக்குத் தாய் தகப்பன் கொண்டுவரும் மீனுக்காகக் கூட்டுக்கே திரும்பி வந்து கத்தும். எனவே நம் சொல்லும் திரும்பி வர இடம் கொடுக்க வேண்டும். ‘விடல்’, ‘துறத்தல்’, ‘நீங்கல்’ எல்லாம் கதவைச் சாத்திவிடுகின்றன.

அதனால்தான் என் முன்மொழிவு ‘கூடுதாண்டல்’. படி தாண்டிய பிள்ளை சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிற மாதிரி, தாண்டியவர் திரும்பலாம். பறந்தும் தாண்டலாம், தவறி விழுந்தும் தாண்டலாம். வாக்கியத்தில் வளைந்து கொடுக்கிறது: கூடு தாண்டியது, இன்னும் தாண்டவில்லை, இந்த வாரம் தாண்டும். அந்தப் பருவத்துக் குஞ்சைக் ‘கூடுதாண்டி’ எனலாம். மரங்கொத்தி, ஊர்சுற்றி என்று நாம் ஏற்கெனவே சொல்லிவருகிற அமைப்புதானே.

அதற்கு முந்தைய கட்டம் பிராஞ்சிங். கூட்டிலிருந்து பக்கத்துக் கிளைக்குத் தாவி, நகத்தால் பற்றி, தள்ளாடி, மறுபடி கூட்டுக்குள் குதிப்பது. இதற்குக் ‘கிளையேறல்’, குஞ்சுக்குக் ‘கிளையேறி’. பனையேறிக் கெண்டை என்று மீனுக்கே பெயர் வைத்தவர்கள் நாம், கிளையேறிக் கழுகுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிக் பேர்க் கூடு ஜெஃப்ரி பைன் மரத்தில் சுமார் 145 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கிளையேறுவதைப் பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

குஞ்சு முட்டை ஓட்டை உடைக்கத் தொடங்குவதைக் குறிக்கும் ‘பிப்’ என்பதற்கு யாரோ ‘ஓடு கொத்தல்’ என்று எழுதியிருந்தார்கள். குஞ்சு கொத்துவதில்லை, அலகு நுனியில் இருக்கும் கடினமான முள்ளால் உள்ளிருந்து முட்டித் தள்ளுகிறது. முதலில் முட்டைக்குள்ளேயே சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் அலகை நீட்டும். நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குவது அப்போதுதான். ஓட்டில் துளை விழுவது அதற்குப் பிறகு. துளை விழுந்தும் முழுதாக வெளியே வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இதற்கு ‘வாய்விடல்’ என்பேன். முட்டை வாய்விட்டது. உள்ளே காற்றறைக்கு வந்ததுமே குஞ்சு கத்தவும் ஆரம்பித்துவிடுவதால் ‘வாய்விட்டு’ என்பதன் மற்றப் பொருளும் கூடவே நிற்கிறது. (பொரிதலுக்கு இடையின ர. ‘குஞ்சு பொறித்தது’ என்று கல்வெட்டில் செதுக்குவதை நாளிதழ்கள் எப்போது நிறுத்தப்போகின்றனவோ.)

முட்டைகள் நாள் இடைவெளியில் இடப்படுகின்றன, அடைகாப்பது எல்லாம் இட்டு முடியும்வரை காத்திருப்பதில்லை. அதனால் குஞ்சுகளும் முன்பின்னாகப் பொரிகின்றன. 2025இல் மார்ச் 3, 4, 8. மூத்தது கொழுத்துவிடும், இளையதின் தலையில் அலகால் அடிக்கும். ரசிகர்கள் ‘பாங்கிங்’ என்கிறார்களே, அதற்குப் புதுச்சொல் எதற்கு? ‘குட்டு’. மூத்தது குட்டுகிறது, இளையது குட்டு வாங்குகிறது. முடிந்தது.

> நான்-வயபிள் எக் என்பதற்குச் ‘சாத்தியமற்ற முட்டை’?

ஐயோ, வேண்டாம். கூமுட்டை என்று ஊரெல்லாம் சொல்கிறதே. வசவாகிவிட்டது என்று கூச்சமாக இருந்தால் ‘கூழ்முட்டை’ என்று அச்சில் போடலாம். 2024இல் அந்த இணையின் மூன்று முட்டையும் பொரியவில்லை. பொரிக்கவேண்டிய நாள் கடந்தும் வாரக்கணக்கில் பனியில் அடைகாத்துக் கிடந்தது ஜாக்கி. அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதும்போது ‘சாத்தியமற்ற’ என்று எழுதக் கை வராது.

‘எக்ஷெல் தின்னிங்’ ஓடு மெலிதல், விவாதமே தேவையில்லை. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகுக்குள் போய், ஓட்டில் கால்சியம் சேருவதைக் கெடுத்தது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1963இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்காவில் எஞ்சியவை 417 இணைகள். 1972இல் டிடிடிக்குத் தடை, 2007இல் அருகிய இனப் பட்டியலிலிருந்து விடுதலை. இன்று இத்தனை பேர் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிகிறதென்றால், ஓடு மறுபடி தடித்ததும் ஒரு காரணம்.

ஈக்லெட் என்பதற்குத் தொல்காப்பியத்தின் ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ நூற்பாவை எடுத்துத் தந்தவருக்கு நன்றி. பார்ப்பு அழகான சொல். ஆனால் நேரலையில் ‘பார்ப்பைப் பார்ப்போம்’ என்று வந்து தொலையும். ‘கழுகுப்பிள்ளை’ யாரோ பெரியவரின் பெயர்போல இருக்கிறது. குஞ்சே போதும்.

* * *

மறுமொழி, வான்கூவரிலிருந்து:

அண்ணை, கிளையேறி நல்லாயிருக்கு, குட்டு அதைவிட. தாண்டலில்தான் எனக்கு ஒரு இடறல். எங்கட பக்கம் கப்பல் மூழ்கினால் ‘தாண்டு போச்சுது’ என்போம். கூடு தாண்டல் என்றதும் கூட்டோடு மரம் ஏரிக்குள்ள போனதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ‘கூடு கடத்தல்’ சரிவராதோ?

இன்னொன்று, பட்டியலில் ‘பால்ட் ஈகிள்’ என்பதற்கு ‘மொட்டைக் கழுகு’ என்றொரு வரி கிடக்குது, அதை எடுத்துவிடுங்கோ. இங்க பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆற்றங்கரை முழுக்க இதுகள்தான், ஒன்றுக்கும் மொட்டை இல்லை. தலை வெளுக்க நாலைந்து வருசம் எடுக்கும். அதுவரைக்கும் உடம்பெல்லாம் மண்ணிறம், வேறு கழுகென்று நினைத்துப் படம் போடுகிற ஆட்கள் ஏராளம்.

* * *

அக்கா, ‘கடத்தல்’ என்றால் இங்கே காவல்துறை வந்துவிடும். கழுகுக் கூட்டைத் தொடுவதே அங்கே சட்டப்படி குற்றம், அதில் கூடு கடத்தல் வேறா!

நீங்கள் சொல்லும் தாண்டு, ‘தாழ்’ என்பதிலிருந்து வருவது. முடிவில் ‘தாண்டது’ என்றாகும். இது ‘தாண்டியது’. வினைமுற்றாக வரும்போது குழப்பம் இல்லை, ‘கூடுதாண்டல்’ என்று பெயராக நிற்கும்போது மட்டும் உங்கள் பக்கத்துக்கு இடறும். அதனால் விளக்கவரியில் ‘கூட்டின் விளிம்பைத் தாண்டி வெளியேறுதல்’ என்று முழுதாக எழுதிவிடுகிறேன். மொட்டையை எடுத்துவிட்டேன், இனி எங்கும் வெண்தலைக் கழுகுதான். இதற்கு நெருங்கிய உறவான வெண்வயிற்றுக் கடற்கழுகு தமிழகக் கரையிலும் உங்கள் இலங்கையிலும் கூடு கட்டுகிறது, அதற்கும் இந்தச் சொற்கள் அப்படியே உதவும்.

பாக்கி ‘மேன்ட்லிங்’. இரை கிடைத்ததும் குனிந்து, சிறகை விரித்து, மற்றது பார்க்காதபடி மூடிக்கொண்டு தின்பது. ‘இரைமறைப்பு’ என்று ஒருவர் சொன்னார், எனக்கு அரைமனசு. வேறு யாரிடமாவது இருக்கிறதா?