யூனிட் டெஸ்டுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

கேள்வி:
கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பைதானில் எழுதுகிறோம். மொத்தம் மூன்று பேர். முதலில் வேலையை முடிப்போம், யூனிட் டெஸ்டை (நிரலின் ஒரு சிறு பகுதி சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல்) வெள்ளிக்கிழமை எழுதலாம் என்று வைக்கிறோம். வெள்ளிக்கிழமை வருவதற்குள் அடுத்த வேலை வந்துவிடுகிறது. ஆறு வருடத்து நிரலில் ஒரு டெஸ்ட்கூட இல்லை. அன்றாட வேலைக்குள் இதை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?

பதில்:
வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். பழைய நிரல் முழுவதற்கும் டெஸ்ட் எழுதவும் உட்காராதீர்கள். அடுத்து வரும் புகாரில் தொடங்குங்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது ஒரு ரூபாயால். நானும் பில்லிங்தான். 250 ரூபாய்ப் பொருளுக்கு 5% வரி சேர்த்தால் 262.50, பில்லில் 263 வர வேண்டும், 262 வருகிறது என்று ஒரு கடைக்காரர் அழைத்தார். நான் 350 ரூபாயைப் போட்டுப் பார்த்தேன். 367.50 வந்து, பில்லில் 368 என்று விழுந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று புகாரை முடித்துவிட்டேன். மறுநாள் அவர் பில்லின் படத்தையே அனுப்பினார். பைதான் 3-இல் தொகையை முழு எண்ணாக்கும் ரவுண்ட், சரிபாதியாக வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 262, 368 இரண்டும் இரட்டைப்படை. நான் சோதித்த எண்ணில் தவறு தெரியவே வாய்ப்பில்லை. அந்தக் கடைக்காரர் படத்தை அனுப்பியிராவிட்டால் எத்தனை கடைகளில் ஒரு ரூபாய் குறைந்துகொண்டே இருந்திருக்கும்!

அன்று திருத்துவதற்கு முன் டெஸ்டை எழுதினேன். நான்கு வரி நிரல்தான்: 250 கொடுத்தால் 263 வர வேண்டும். ஓட்டினேன், சிவப்பு, அதாவது தோல்வி. பைதானின் டெசிமல் தொகுப்பில் உள்ள, சரிபாதி வந்தால் மேலே ஏற்றும் ரவுண்ட் ஹாஃப் அப் முறைக்கு மாற்றினேன், பச்சை. அந்தச் சிவப்பைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். ஒருமுறையும் தோற்காத டெஸ்ட் உண்மையில் எதையாவது சோதிக்கிறதா என்றே தெரியாது. அன்றிலிருந்து எந்தத் திருத்தத்தையும் டெஸ்ட் இல்லாமல் கமிட் செய்வதில்லை, அதாவது நிரல் களஞ்சியத்தில் பதிவதில்லை. இதற்கென்று தனி நேரம் ஒதுக்கியதும் இல்லை. புகாரை மீண்டும் வரவழைத்துப் பார்க்க எப்படியும் செலவாகிற பத்து நிமிடம்தான் இது.

இன்னொருவர்:
டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டில் எல்எஃப் (--lf) என்ற தேர்வைக் கொடுத்தால் கடைசியாகத் தோற்றவை மட்டும் ஓடும். திருத்தும்போது அது போதும். முழுவதையும் கமிட்டுக்கு முன் ஓட்டுகிறேன்.

கேட்டவர்:
எங்களிடம் விலையை எடுப்பது, வரி போடுவது, டேட்டாபேஸில் சேமிப்பது எல்லாம் ஒரே ஃபங்ஷனில், அதாவது ஒரே நிரல் துண்டில் கிடக்கிறது. இதை எப்படிச் சோதிப்பது?

பதில்:
எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. முழுவதையும் பிரிக்க இறங்காதீர்கள். வரிக் கணக்கை மட்டும் வெட்டித் தனி ஃபங்ஷனாக வையுங்கள். விலையும் வரி விகிதமும் உள்ளே போக வேண்டும், தொகை வெளியே வர வேண்டும். டேட்டாபேஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. பழைய ஃபங்ஷன் இதை அழைக்கட்டும். முதல் டெஸ்டாக 250-ஐயும் 350-ஐயும் போடுங்கள். உங்கள் நிரலிலும் ரவுண்ட் இருந்தால், இன்றைக்கே சிவப்பைப் பார்த்துவிடுவீர்கள்.