கீமோ தொடங்கும் முன் மருத்துவமனையில் யார் யாரைப் பார்க்க வேண்டும்?

சாளரம் (கேள்வி):
அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். அறுவை முடிந்து அடுத்த வாரம் ஃபோல்ஃபாக்ஸ் என்ற மருந்துக் கூட்டில் கீமோ ஆரம்பம், 14 நாளுக்கு ஒரு சைக்கிள் (சுற்று). மருந்து ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் வைத்தாயிற்று. பம்ப்போடு வீட்டுக்கு அனுப்பி, 46 மணி நேரம் கழித்துக் கழற்ற வரச் சொல்கிறார்கள். கையில் கொடுத்த தாளில் ஒருங்கிணைப்பு நர்ஸ், ஊட்டச்சத்து நிபுணர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், தணிப்புச் சிகிச்சைப் பிரிவு என்று ஐந்து பேர். யாரை முதலில் பார்ப்பது? ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் போடுவது?

வார்டு7:
முதலில் ஒருங்கிணைப்பு நர்ஸ். அவரிடம் வாங்க வேண்டியது ஒரே ஒரு பதில்: வேலை நேரம் முடிந்த பிறகு எந்த எண்ணை அழைப்பது, யார் எடுப்பார்கள். அந்த எண்ணை முதல் சைக்கிளுக்கு முன்பே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பகலில் மட்டும் வேலை செய்யும் எண்ணை 24 மணி நேர எண் என்று தாளில் அச்சடித்து வைத்திருப்பது அரிதல்ல.

காய்ச்சல் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய அளவு ஒன்றுதான்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். அதைத் தொட்டதும் அழைக்கணும், காலை வரை பொறுக்கக் கூடாது. கீமோ ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி புகுந்தால் சீழ், வீக்கம் எதுவும் தெரியாது, காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். வாசலிலேயே "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

பெரும்பாலானோர் தவறுவது பாராசிட்டமாலில்தான். தலைவலி என்று மாத்திரை போட்டுவிட்டுப் பிறகு தெர்மாமீட்டர் வைத்தால் அளவு சாதாரணமாகத்தான் காட்டும். முதலில் அளவு, பிறகு போன், அவர்கள் சொன்னால்தான் மாத்திரை. வாந்திக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனும் முதல் சில நாட்கள் காய்ச்சலை அமுக்கும். காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுங்கினாலும் அழையுங்கள். போர்ட்டில் மருந்தோ உப்புநீரோ ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அப்படி நடுங்கினால் போர்ட்டிலேயே தொற்று இருக்கக்கூடும். ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பதோ மருந்து வைப்பதோ வேண்டாம்.

மருந்துக்குப்பி:
பம்ப் பற்றி. வீட்டுக்குத் தருவது பெரும்பாலும் பலூன் பம்ப். சத்தம் வராது, விளக்கு எரியாது, அதனால் ஓடுகிறதா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். காலையும் மாலையும் பலூன் சுருங்குகிறதா என்று பாருங்கள். குழாயில் உள்ள சிறிய கட்டுப்படுத்தித் துண்டு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் ஓடும் வேகம் தோலின் சூட்டை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. பிளாஸ்டர் பெயர்ந்து காற்றில் தொங்கினால் மெதுவாகும், சூடு அதிகமானால் வேகமெடுக்கும். சில மணி நேரம் முன்பின் ஆவது சகஜம். முதல் நாளே காலியாகிவிட்டால் உடனே அழையுங்கள். பம்ப்பில் ஓடும் கீமோ மருந்தான 5-எஃப்யூ அளவு மீறிப் போனதற்கு யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற முறிமருந்து உண்டு, ஆனால் மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் கொடுக்கணும்.

இன்னொன்று: 5-எஃப்யூவை உடம்பில் சிதைக்கும் டிபிடி என்ற என்சைமுக்கான சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். அது குறைவாக உள்ளவர்களுக்குச் சாதாரண அளவு 5-எஃப்யூவே விஷமாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020இலேயே இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது. முதல் சைக்கிளுக்கு முன் செய்தால்தான் பயன்.

சாளரம்:
நன்றி. கீமோ நேரத்தில் வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் கட்டி சப்பச் சொல்கிறார்களே, அது சரியா?

மருந்துக்குப்பி:
இந்த மருந்துக் கூட்டில் வேண்டாம். அந்த யோசனை 5-எஃப்யூ மட்டும் போடுகிறவர்களுக்கு உரியது. ஃபோல்ஃபாக்ஸில் அதோடு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தும் இருக்கிறது. குளிர்ச்சி பட்டால் விரல் நுனி மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்னும், தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிட்டதுபோல் பீதி வரும். உண்மையில் மூச்சு நிற்பதில்லை, ஆனால் அந்த நேரத்தில் யார் அதை நம்புவார்? முதல் ஐந்தாறு நாள் குளிர்ந்த தண்ணீர், பிரிட்ஜ் கதவு, உலோகக் கைப்பிடி எல்லாவற்றிலும் கவனம். வாய்க்கு, ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு கலந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்கலாம்.

விரல் மரத்துப்போவது அடுத்த சைக்கிள் வரை நீடித்தால், அல்லது சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால், டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று மறைக்கிறவர்கள் நிறைய. குறைக்கத்தான் வேண்டும், மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரத்துப்போவது கூடிக்கொண்டே போகக்கூடும்.

இடைக்கழி:
மீதி நான்கு பேரைப் பற்றி. ஊட்டச்சத்து நிபுணரை உடம்பு இளைத்த பிறகு பார்ப்பதில் பாதிப் பயன்தான். இன்றைய எடையைக் குறித்து வையுங்கள், ஒரு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் (60 கிலோ என்றால் 3 கிலோ) காத்திருக்காமல் போங்கள். வயிற்றுப்போக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை கூடினாலும் போன் போட வேண்டியதுதான்.

சமூகப் பணியாளரை முதல் வாரமே பாருங்கள். காப்பீடு, உதவித்தொகை, பயணச் செலவு, வேலையில் விடுப்புக் கடிதம் எல்லாம் அவர் மேசையில்தான். பல உதவிகளுக்கு விண்ணப்பத்தைச் சிகிச்சை தொடங்கும் முன்பே போடணும், பில் கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு. பயாப்சி அறிக்கை, ஸ்டேஜ் எழுதிய தாள், சிகிச்சைத் திட்டம் மூன்றையும் நகலெடுத்துப் போங்கள்.

தணிப்புச் சிகிச்சை என்றதும் "கைவிட்டுவிட்டார்களா" என்று நினைக்க வேண்டாம். வலி, குமட்டல், தூக்கமின்மை இவைதான் அவர்கள் வேலை, கீமோவோடு சேர்ந்தே நடக்கும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் ஆரம்பத்திலேயே இந்தப் பிரிவைப் பார்த்தவர்கள் நிம்மதியாக மட்டுமல்ல, கூடுதல் நாளும் வாழ்ந்தார்கள். அம்மா நிலைமையில் இப்போதே அவசரமில்லை, எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மனநல ஆலோசகர் அம்மாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

வார்டு7:
விட்டுப்போனது ஒன்று. பம்ப் கழற்றிய பிறகும் 48 மணி நேரம் சிறுநீர், வாந்தியில் மருந்து இருக்கும். மூடியைப் போட்டு இருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள், துடைக்கும்போது கையுறை, அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவரிடம் வேண்டாம்.