அப்பா போனில் 'ஆர்டிஓ சலான்' ஏபிகே ஏறிவிட்டது, கணக்கிலிருந்து பணம் போகிறது, முதலில் என்ன செய்ய வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை தேங்காய் மண்டி:
வணக்கம். அவசரம், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டி. இரண்டு பிக்கப், ஒன்று கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் இன்னொன்று வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்கும் ஓடுகிறது. இன்று காலை அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு 'ஆர்டிஓ சலான்' என்று ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல்) வந்திருக்கிறது, அதுவும் எங்களிடம் வழக்கமாகக் காய் எடுக்கிற வியாபாரி ஒருவருடைய நம்பரிலிருந்தே. டிரைவர் பெல்ட் போடாமல் கேமராவில் மாட்டியிருப்பான் என்று நினைத்து அப்பா அதை இன்ஸ்டால் பண்ணி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டார். உள்ளே 1 ரூபாய் கட்டச் சொல்லிப் பக்கம் வந்ததாம், யுபிஐ பின்னையும் அதிலே போட்டிருக்கிறார். இப்போது அந்த ஆப்பின் படமே போனில் காணோம். மதியத்துக்குள் 19,500 ரூபாய், அப்புறம் 8,000 போய்விட்டது. ஓடிபி வந்த மாதிரியே தெரியவில்லை. பேங்க் கணக்கு பொள்ளாச்சியில், சிம்மும் வண்டியும் கேரளா. போனை ரீசெட் அடித்துவிடவா? எந்த ஊர் போலீஸிடம் போக வேண்டும்?

மீனாட்சிபுரம் மொபைல் சர்வீஸ்:
தம்பி, ரீசெட் இப்போது வேண்டாம். முதலில் அந்த போனில் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்து, சிம்மைக் கழற்றுங்கள். வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால் சிம்மை அதில் போடுங்கள். இந்த ஏபிகே செய்கிற முக்கியமான வேலையே வருகிற எஸ்எம்எஸ்ஸை எடுத்துத் திருடனுக்கு அனுப்புவதுதான், அதனால்தான் ஓடிபி அப்பா கண்ணில் படவில்லை. சிம் பட்டன் போனுக்குப் போனதும் அந்த வழி அடைபடும், பேங்க் மெசேஜும் உங்கள் கைக்கே வரும். அடுத்த நிமிஷம் வேறொரு போனிலிருந்து 1930-க்கு (சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண்) அடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாலக்காடு சிஸ்டம் வேலை:
எனக்கென்னவோ உடனே ரீசெட் அடிப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது. வைரஸோடு போனை ஏன் வைத்திருக்க வேண்டும்?

மீனாட்சிபுரம் மொபைல் சர்வீஸ்:
சிம்மும் நெட்டும் இல்லாத போனிலிருந்து அது எதையும் வெளியே அனுப்ப முடியாதுங்க, அதனால் போன் அப்படியே கிடக்கட்டும். ரீசெட் அடித்தால் ஃபைல் வந்த சாட், வந்த நேரம், ஏபிகே பெயர், ஓடிபி மெசேஜ் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது, எல்லாம் போய்விடும். புகார் எழுதும்போது கேட்பதே அதைத்தான். கடைக்கு இதே பிரச்சினையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் துடைத்து முடித்த போனைத்தான் கொண்டு வருகிறார்கள், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், துடைப்பது கடைசி வேலை.

பழைய பேங்க் ஆள்:
பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். 1930-ல் பேசும்போது கணக்கு நம்பர், போன தொகை, போன நேரம், ஒவ்வொரு பரிமாற்றத்தின் யுடிஆர் நம்பர் (அந்தப் பரிமாற்றத்துக்கான அடையாள எண், யுபிஐ என்றால் 12 இலக்கம்) கையில் இருக்கட்டும். அதை வைத்துத்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தச் சொல்லுவார்கள். திருடன் அதை அடுத்தடுத்த கணக்குக்கு மாற்றிவிடுவான், ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அதன் பிறகு கஷ்டம், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். புகார் நம்பர் கொடுப்பார்கள், பிறகு தேசிய சைபர் கிரைம் தளத்தில் விவரம் முழுவதையும் பதிந்துவிடுங்கள்.

கூடவே பேங்கின் டோல் ஃப்ரீ நம்பரில் யுபிஐ, ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். அதே மொபைல் நம்பர் வேறு எந்தக் கணக்கில் இருந்தாலும் அதையும் சேர்த்து. அம்மா பெயரில் உள்ள கணக்கு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, இதையெல்லாம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், இரண்டாவது அடி அங்கேதான் விழுகிறது. நாளைக்குக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, சீல் வைத்த நகல் வாங்குங்கள்.

பணம் திரும்புமா என்று கேட்பீர்கள். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6 அன்று விட்ட சுற்றறிக்கைப்படி, பேங்க் மீதும் வாடிக்கையாளர் மீதும் தப்பில்லாமல் வெளியாள் செய்த திருட்டு என்றால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. அப்பா பின் நம்பர் போட்டுக் கொடுத்திருப்பதால், பேங்க் அதைக் கவனக்குறைவு என்று வாதாடும், இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அப்படியே வைத்தாலும், நீங்கள் தெரிவித்த நிமிஷத்துக்குப் பிறகு போகும் பணம் பேங்க்கின் பொறுப்பு. அதனால் தெரிவித்த நேரத்துக்கு அத்தாட்சி வேண்டும், போன் பண்ணினால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனிடம் (பேங்க் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், செலவு கிடையாது.

கொழிஞ்சாம்பாறை தேங்காய் மண்டி:
நன்றிங்க. சிம் பட்டன் போனுக்கு மாறியாச்சு, 1930-ல் சொல்லியாச்சு, புகார் நம்பர் வந்துவிட்டது. பேங்கிலும் முடக்கிவிட்டார்கள். சிம் மாற்றின கொஞ்ச நேரத்தில் நாங்கள் கேட்காத ஓடிபி இன்னும் இரண்டு பட்டன் போனுக்கு வந்தது, பார்த்ததும் அப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது. போலீஸ் விஷயம் மட்டும் குழப்பம். 1930-ல் எடுத்தவர் எந்த மாநிலம் என்று கேட்டார், வீடு கேரளா பேங்க் தமிழ்நாடு என்றதும் எங்களுக்கே தெளிவில்லை.

எல்லைப்புற வக்கீல்:
எல்லையில் இருப்பவர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைய விடுவது இங்கே வழக்கமாகவே நடக்கிறது, அதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், 'எங்கள் எல்லை இல்லை' என்று அனுப்பி வைக்க முடியாது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். நீங்கள் குடியிருப்பது பாலக்காடு மாவட்டம் என்பதால் தளத்தில் கேரளா என்று போட்டு, பாலக்காடு சைபர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது நடைமுறையில் வசதி. பொள்ளாச்சி கிளையின் கணக்கு விவரத்தை அவர்களே கேட்டு வாங்குவார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்களோ என்று தயங்காதீர்கள், சித்தூர்த் தாலுகாவில் தமிழில் புகார் போவது புதிதல்ல.

மீனாட்சிபுரம் மொபைல் சர்வீஸ்:
சரி, இப்போது போனுக்கு வருவோம். படமெல்லாம் எடுத்து முடித்தாச்சு என்றால், சேஃப் மோடில் போடுங்கள். பெரும்பாலான போனில் பவர் பட்டனை அழுத்தினால் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியல் முழுவதையும் பாருங்கள். முகப்பில் படத்தை மறைத்தாலும் இங்கே பெயர் இருக்கும், சிலது பெயரே இல்லாமல் வெறும் இடமாக இருக்கும், சிலது கூகுள் சேவை மாதிரி படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால், பாதுகாப்புப் பகுதியில் டிவைஸ் அட்மின் ஆப்ஸ் என்பதில் அதன் டிக்கை எடுத்துவிட்டு வாருங்கள். செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி என்பதிலும் அந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து, இருந்தால் அணைத்துவிடுங்கள். எடுத்த பிறகும் நான் ரீசெட் அடிக்கத்தான் சொல்லுவேன், பேங்க் வேலை நடக்கும் போனில் சந்தேகத்தை மிச்சம் வைக்கக் கூடாது. போட்டோவையும் காண்டாக்டையும் மட்டும் எடுத்து வையுங்கள், டவுன்லோட் ஃபோல்டரைத் தொடாதீர்கள்.

சிம் இருக்கும் போனில் *#21# அடித்துப் பாருங்கள், கால் ஃபார்வர்டிங் வேறு நம்பருக்குப் போயிருந்தால் ##002# அடித்து நீக்கிவிடலாம். ஜிமெயில் பாஸ்வேர்டை நல்ல போனிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பார்த்து, தெரியாததை வெளியேற்றி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். அப்புறம் அப்பாவின் நம்பரிலிருந்து இதே ஃபைல் வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் போன் பண்ணியே சொல்லுங்கள். உங்களுக்கு அனுப்பிய வியாபாரியின் போனும் இப்படித்தான் கெட்டிருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது, அவர் மேல் கோபப்பட வேண்டாம்.

வேலந்தாவளம் லாரி ஓனர்:
எங்கள் ஏரியாவில் இதே ஏபிகேதான் சுற்றுகிறது. கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமரா அபராதம் வந்ததிலிருந்து, எல்லை தாண்டி ஓடுகிற ஒவ்வொருவருக்கும் 'நமக்கு ஃபைன் இருக்குமோ' என்ற நினைப்பு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, திருடன் பிடிப்பது அந்தப் பயத்தைத்தான். உண்மையான சலான் ஏபிகேயாக வரவே வராது. சந்தேகம் என்றால் வந்த லிங்க்கைத் தொடாமல், பரிவாகன் இ-சலான் தளத்தை நாமே திறந்து (முகவரி கவ் டாட் இன் என்று முடியும்), வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரின் கடைசி 5 எழுத்தும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். என் டிரைவர்களிடம் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான், சலான் என்று எது வந்தாலும் திறக்காமல் என்னிடம் காட்டு, ஃபைன் இருந்தால் நான் கட்டுகிறேன், திட்ட மாட்டேன். திட்டுவோம் என்று பயந்தால் அவனே கட்டி முடித்துவிடப் பார்ப்பான். போனில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்பதில் வாட்ஸ்அப்புக்கு அனுமதி இல்லாமல் வைத்துவிடுங்கள். மண்டிப் பணம் இருக்கிற கணக்கை வாட்ஸ்அப் ஓடும் போனில் வைக்காமல், சின்னக் கணக்கு ஒன்றை மட்டும் யுபிஐயில் இணைத்து அதில் அன்றைய தேவைக்கு மட்டும் போடுவது நான் செய்வது.

கொழிஞ்சாம்பாறை தேங்காய் மண்டி:
பாலக்காட்டில் புகார் வாங்கிக்கொண்டார்கள், ஒன்றும் மறுக்கவில்லை. இரண்டாவதாகப் போன 8,000 ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கிறது, கோர்ட் உத்தரவு வாங்கித்தான் வரும் என்றார்கள். 19,500 பற்றி இன்னும் தகவல் இல்லை. கடைசியாக ஒன்று கேட்கிறேன், அப்பா வாட்ஸ்அப் கடை லேப்டாப்பிலும் திறந்தே கிடந்தது, டேலி கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதுவும் கெட்டிருக்குமா?

மீனாட்சிபுரம் மொபைல் சர்வீஸ்:
ஏபிகே ஆண்ட்ராய்டுக்கானது, விண்டோஸில் சும்மா ஓடாது. டவுன்லோடில் அந்த ஃபைல் இருந்தால் அழித்துவிட்டு, அந்த வாட்ஸ்அப்பை லாக் அவுட் பண்ணுங்கள், பிரவுசரில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டு இருந்தால் மாற்றுங்கள். டேலி டேட்டாவை ஒரு பென் டிரைவில் எடுத்து, பென் டிரைவைக் கழற்றி மேசை டிராயரில் வையுங்கள், சொருகியபடியே விட வேண்டாம்.