கணவன் மனைவி ஜோடியாக டிவி டான்ஸ் ஆடிஷனுக்குப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

கட்டிங்_செக்‌ஷன் எழுதியது:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். மனைவி பத்தாம் வகுப்பு வரை பரதநாட்டியம் கற்றவர். நான் முறையாக எதுவும் கற்கவில்லை. காலேஜ் கல்ச்சுரல்ஸில் குரூப் டான்ஸ் ஆடும்போது மூன்றாவது வரிசையில் நிற்க வைப்பார்களே, அந்த ஆள் நான்தான்.

எங்கள் அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில் இரண்டு பேரும் ஆடிய வீடியோ வாட்ஸ்அப்பில் கொஞ்சம் சுற்றியது. போன வாரம் ஒருவர் போன் செய்து, ஒரு பெரிய சேனலில் ஜோடி நடனப் போட்டி வருகிறது, கோயம்புத்தூரில் ஆடிஷன், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார். பதிவுக் கட்டணமாக ஒரு தொகையை ஜிபே செய்யச் சொல்கிறார். இது வழக்கம்தானா?

இன்னும் இரண்டு சந்தேகம். தேர்வாகிவிட்டால் வேலைக்குப் போய்க்கொண்டே ஆட முடியுமா? மனைவி நன்றாக ஆடுவார், நான் சுமார். என்னால் அவருக்கு மார்க் குறையுமா? அம்மா வேறு "ஊரே பார்க்க ரெண்டு பேரும் ஆடித்தான் ஆகணுமா" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே எந்தச் சேலை கட்டுவாள் என்று விசாரிக்கிறார். பையன் யூகேஜி படிக்கிறான். "வாழ்த்துகள் நண்பா" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீங்க.

ரிமோட்_ராஜா பதில்:

ஜிபே கேட்கிறாரா? நம்பரை பிளாக் பண்ணுங்க சகோ. சேனல்காரர்கள் ஆடிஷன் அறிவிப்பைத் தங்கள் டிவியிலும் தங்கள் பக்கங்களிலும் போடுவார்கள். அதில் அப்படி ஒரு அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விஷயம் அதோடு முடிந்தது.

சேலத்து_சலங்கை பதில்:

தம்பி, நானும் என் கணவரும் இப்படி ஒரு நிகழ்ச்சியில் பாதி தூரம் வரை போய் வந்தவர்கள். சேனல் பெயர் வேண்டாம். இப்போது சேலத்தில் சின்னதாக டான்ஸ் கிளாஸ் நடத்துகிறேன். பணம் பற்றி மேலே ராஜா சொன்னதுதான் சரி. எங்களிடம் ஆடிஷனுக்கு ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை. ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைக்குப் போக வர, தங்க, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு என்று கை கரையும். மேடை உடையைப் பெரும்பாலும் அவர்களே கொடுத்தார்கள். அதற்கு ஏற்ற உள்ளாடை, ஷூ, ஹேர்பின் எல்லாம் நம்முடையது. எதை யார் தருவார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே ஆட முடியுமா என்றால், ரொம்பக் கஷ்டம். வாரம் ஒரு எபிசோடு ஒளிபரப்பானாலும் ஷூட்டிங் வாரம் ஒன்றாக நடக்காது. செட் வாடகை, நடுவர்களின் தேதி எல்லாவற்றையும் பார்த்து, ஒரே ஷெட்யூலில் இரண்டு மூன்று எபிசோடை எடுத்துவிடுவார்கள். காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்தால் நம் முறை நள்ளிரவு தாண்டியும் வரலாம். உடம்பு சூடாக இருக்க காரிடாரிலேயே ஜாகிங் செய்துகொண்டிருப்போம். அதற்கு முன் ரிகர்சல் தனி. மாஸ்டர் ஒருவரை ஒதுக்குவார்கள், அவர் பாட்டை இரண்டு மூன்று நிமிடத்துக்கு வெட்டி மிக்ஸ் செய்து கொண்டு வருவார், சில நாளில் கற்றுக்கொண்டு ஆட வேண்டும். அடுத்த ரவுண்டு ரெட்ரோ என்பார்கள், அதற்கடுத்தது குத்து, அப்புறம் கான்செப்ட். கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே பேசி வையுங்கள்.

அப்புறம் ஏவி. ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் கதையை ஓட்டுவார்களே, அதுதான். வீட்டுக்கே கேமராவோடு வருவார்கள். "காதல் கல்யாணமா, வீட்டில் எதிர்ப்பா, அழுதீங்களா" என்று துருவுவார்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் முன்னாடியே பேசிவிடுங்கள். என் மாமியார் எதார்த்தமாகச் சொன்ன ஒரு வரியை வைத்து அவரை வில்லியாக்கி, பின்னணியில் வயலின் போட்டுவிட்டார்கள். இன்னும் சில கல்யாண வீடுகளில் அதைப் பற்றிக் கேட்கிறார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உண்மையில் அதுதான் முக்கியமான கேள்வி. ஜோடி ஆட்டத்தில் பார்வை முதலில் போவது சுமாராக ஆடுபவர் மேல்தான். ஒருத்தர் பிரமாதமாக ஆட ஆட, பக்கத்தில் இருப்பவர் திணறுவது இன்னும் பளிச்சென்று தெரியும். நல்ல மாஸ்டர் இதைச் சமாளிப்பார். உங்களுக்கு எது வருமோ அதில் ஆட்டத்தைக் கட்டிவிட்டு, மனைவியின் பரதத்துக்கு நடுவில் எட்டு எட்டு தாள எண்ணிக்கையாக நாலு செட் தனியாக விடுவார். மோசமான மாஸ்டர் என்றால், மனைவிக்குக் கொடுத்த ஸ்டெப்பையே உங்களுக்கும் கொடுத்து இரண்டு பேரையும் கெடுப்பார். அதனால் மனைவி அளவுக்கு ஆட முயற்சி பண்ணாதீங்க. சேர்ந்து நிற்கும் இடங்களில் சரியாக நில்லுங்கள். ஒரே பீட்டில் கை தூக்கி, ஒரே பீட்டில் நிறுத்தி, இரண்டு பேர் முகமும் ஒரே பக்கம் திரும்பினால் பாதிக் குறை மறைந்துவிடும். என் கிளாஸில் ஜோடிகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது நிற்பதைத்தான்.

இன்னொன்று, வாய்க்குள் "ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்" எண்ணாதீங்க. மேடையில் தெரியாது, குளோசப்பில் உதடு அசைவது அப்பட்டமாகத் தெரியும்.

கணவன் மனைவி என்றால் ரிகர்சலில் சண்டை நிச்சயம். வேறு ஜோடிகள் மாஸ்டருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். நாங்கள் கேஸ் சிலிண்டர் புக் பண்ணாததையெல்லாம் அங்கே இழுத்துப் பேசியிருக்கிறோம்.

பழைய_ஆன்டெனா பதில்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் சாதாரண ஜோடிக்குத் தமிழ் டிவியில் எவ்வளவு இடம் இருந்திருக்கிறது? விஜய் டிவியில் 2006இல் ஜோடி நம்பர் ஒன் வந்தது, அடுத்த வருடம் கலைஞர் டிவியில் மானாட மயிலாட. இரண்டிலும் ஆடியவர்கள் பெரும்பாலும் சீரியல் முகங்கள். நடனக் கலைஞர்கள் இல்லை என்பது உண்மைதான், ஆனால் முகம் தெரிந்தவர்கள். சிவகார்த்திகேயன் கூட ஜோடியில் ஆடியவர்தான், அதற்கு முன்பே கலக்கப் போவது யாருவில் ஜெயித்துவிட்டுத்தான் அங்கே வந்தார். மானாட மயிலாடவைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு யார் ஜெயித்தார்கள் என்று ஞாபகம் இருக்கும்? கலா மாஸ்டர் "கிழி கிழி" என்றதும் நமீதா "மச்சான்ஸ்" என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இந்தியில் 2005இல் நச் பலியே தொடங்கியபோதும் அப்படித்தான். நிஜ வாழ்க்கை ஜோடிகள்தான் ஆடினார்கள், முதல் சீசனை ஜெயித்தவர்கள் சச்சின், சுப்ரியா தம்பதி. இரண்டு பேருமே ஏற்கெனவே நடிகர்கள். கட்டிங் செக்‌ஷனில் இருந்து போகிற ஜோடிக்கு ஏவி மட்டும்தான் பலம். கோபித்துக்கொள்ளாதீங்க.

தேம்ஸ்_கரை பதில்:

ஆன்டெனா அண்ணா, முகம் தெரியாத ஜோடிகளை வைத்தே அரை நூற்றாண்டு ஓட்டிய நிகழ்ச்சி இங்கே பிரிட்டனில் உண்டு. பிபிசியின் கம் டான்சிங். 1950இல் தொடங்கியபோது ஊர் ஊராக பால்ரூம்களில் இருந்து ஒளிபரப்பு செய்து, நடனம் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சியாகத்தான் இருந்தது. 1953இல் போட்டியாக மாறியது. வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் ஆடப் பழகியவர்கள் தங்கள் பகுதிக்காக வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனங்களை ஆடுவார்கள், பகுதிக்கும் பகுதிக்கும் மோதல். உருவாக்கியவர் எரிக் மோர்லி, உலக அழகிப் போட்டியைத் தொடங்கிய அதே ஆள். 1998 வரை ஓடியது.

பிறகு 2004இல் அதே பிபிசி ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் என்று திரும்பக் கொண்டுவந்தபோது சாதாரண ஜோடிகளை எடுத்துவிட்டு, பிரபலம் ஒருவர், தொழில்முறை நடனக்காரர் ஒருவர் என்று மாற்றிவிட்டார்கள். அதுதான் உலகம் முழுக்க விலைபோனது. அதனால் ஆன்டெனா அண்ணா சொல்வதும் சரிதான், என்ன, இங்கே அந்த மாற்றம் கொஞ்சம் தாமதமாக நடந்தது. எனக்கு என்னவோ பழையதுதான் பிடிக்கும். யூடியூபில் சில துண்டுகள் கிடைக்கின்றன. ஜிகினா கவுனெல்லாம் போட்டுக்கொண்டு, யாரோ வீட்டு மாமாவும் அத்தையும் அவ்வளவு சீரியஸாக ஆடுவார்கள்.

கட்டிங்_செக்‌ஷன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதே ஆள் எங்கள் பிளாக்கில் இன்னொரு வீட்டுக்கும் போன் செய்திருக்கிறார். அவர்கள் வீடியோவில் ஆடவே இல்லை, பின்னால் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

சேனலே அறிவிக்கும் ஆடிஷன் வரட்டும், அதுவரை பழகுவோம் என்று மனைவி சொல்லிவிட்டார். சலங்கை அக்கா, ஒரு சந்தேகம். கடைசியில் அவரை ஒரு லிஃப்ட் தூக்கி முடித்தால் எடுப்பாக இருக்கும் என்கிறார். எனக்கு இடுப்பு வலி உண்டு. ஆடிஷனில் லிஃப்ட் இல்லாமல் போனால் எடுபடாதா?

சேலத்து_சலங்கை பதில்:

லிஃப்ட் வேண்டவே வேண்டாம் தம்பி. தூக்குவது முதுகால் இல்லை, முட்டியை மடக்கித் தொடையால் எழ வேண்டும். அதைப் பழகாமல் ஒரு தடவை முறுக்கினாலும் மாதக்கணக்கில் படுக்கைதான். லிஃப்ட்டில் பாதி வெயிட்டைத் தூக்குவது, பாதி அவர் சரியான நேரத்தில் குதிப்பது. பாயோ மெத்தையோ போட்டு, பிடிக்க ஆள் வைத்துக் கற்க வேண்டியது, வீட்டு ஹாலில் டைல்ஸ் மேல் முயற்சி செய்யாதீங்க.

ஆடிஷனில் பாட்டு ஒரு நிமிடம் ஓடினாலே பெரிய விஷயம், பாதியில் கை காட்டி நிறுத்திவிடுவார்கள். கடைசிக்கு என்று எதையும் மிச்சம் வைக்காதீங்க. அவருக்கு நன்றாக வரும் பரத அடவை முதல் எட்டு கவுன்ட்டிலேயே வைத்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நேராக நின்று தாளத்தில் திரும்பினால் போதும். பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று என்று பாட்டை இரண்டு இடத்தில் எடுத்துப் போங்கள்.